கேஸ் உலைக்குச் சொந்தமாகச் செய்த பர்னர்: தீ ஏன் மஞ்சளாகிறது, ஏன் பைப்புக்குள் பாய்கிறது?

கேள்வியை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறேன். முக்கால் இஞ்சு பைப்பில், அமெரிக்க வரைபடம் ஒன்றைப் பார்த்து, மிக் வெல்டிங் டிப்பை (வெல்டிங் கம்பி வெளிவரும் துளையுள்ள சின்ன முனை) ஜெட்டாக, அதாவது கேஸ் சீறி வரும் துளையாக வைத்து ஒரு பர்னர் செய்திருக்கிறீர்கள். கடையில் கிடைத்தது 1.2 டிப். வெளியே கையில் பிடித்துப் பற்றவைத்தால் மஞ்சள் நாக்கோடு எரிகிறது. பிரஷரைக் கூட்டினால் தீ வாயைவிட்டுப் பறந்து அணைகிறது. உலைக்குள் வைத்துச் சூடேறியதும், கேஸ் மிச்சப்படட்டும் என்று குறைத்தால் 'பக் பக்' என்று பைப்புக்குள்ளேயே தீ பாய்கிறது. லாரி ஸ்பிரிங் பட்டை மங்கின சிவப்புக்கு மேல் ஏறவில்லை. எந்த ஜெட் போடுவது என்று கேட்கிறீர்கள்.

0.8 டிப் போடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே போய்விடும். மீதிப் பாதி ஜெட்டில் இல்லை. இந்த மாதிரிப் பர்னருக்கு ஊதுகுழலோ புளோவரோ கிடையாது; சீறிப் பாயும் கேஸ்தான் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த இழுப்பை எது கூட்டும், எது குறைக்கும் என்று பிடிபட்டுவிட்டால், நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளும் ஒரே கணக்கின் நான்கு முகங்கள் என்று தெரிந்துவிடும்.

அந்தக் கணக்கு இப்படி. ஒரு பங்கு புரொப்பேன் முழுசாக எரிய சுமார் 24 பங்கு காற்று வேண்டும். ஒரு பங்கு பியூட்டேனுக்கு 31 பங்கு. இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் வரையப்பட்டவை. அங்கே பாட்டிலில் வருவது ஏறக்குறைய புரொப்பேன் மட்டும்தான். நம் ஊர் எல்.பி.ஜி. இரண்டும் கலந்தது. ஆகவே அதே பர்னரை அச்சுப் பிசகாமல் இங்கே செய்தாலும் காற்று கொஞ்சம் பற்றாமல்தான் நிற்கும். வரைபடத்தைவிட ஒரு படி சிறிய ஜெட், அல்லது ஒரு படி அதிகக் காற்று என்று எடுத்த எடுப்பிலேயே நினைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் போட்டதோ ஒரு படி பெரியது.

இழுபடும் காற்றின் பங்கு முக்கியமாக எதைப் பொறுத்தது என்றால், கலவைக் குழாயின் விட்டம் ஜெட் துளையைப் போல எத்தனை மடங்கு என்பதைப் பொறுத்தது. முக்கால் இஞ்சு பைப்பின் உள்விட்டம் சுமார் 21 மி.மீ. டிப்பில் 0.8 என்று பொறித்திருப்பது அதில் ஓடும் கம்பியின் அளவு. துளை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக, 1 மி.மீ.யை ஒட்டி இருக்கும். அதாவது 21 மடங்கு. கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு பங்கு கேஸுக்கு 26, 27 பங்கு காற்று இழுபடும். நம் கேஸுக்கு வேண்டியதும் அந்தப் பக்கம்தான். 1.2 டிப்பின் துளை சுமார் 1.4 மி.மீ.; 15 மடங்குதான் வருகிறது; காற்று 18, 19 பங்கிலேயே நின்றுவிடும். மூன்றில் ஒரு பங்கு காற்று குறைந்தால் மஞ்சள் நாக்கு வராமல் என்ன செய்யும்? இந்தக் கணக்கு உராய்வை எல்லாம் விட்டுவிட்ட தோராயம். தசம சுத்தமாக நம்பாதீர்கள், ஆனால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இது தப்பாமல் காட்டும்.

இதிலிருந்தே இன்னொன்றும் வருகிறது. பிரஷரைக் கூட்டினால் கேஸும் கூடும், அதோடு காற்றும் ஏறக்குறைய அதே அளவில் கூடும். கலவை பெரிதாக மாறாது, வேகமும் சூடும்தான் கூடும். எனவே மஞ்சள் தீயை ரெகுலேட்டரைத் திருகிச் சரிசெய்ய முடியாது. ரெகுலேட்டர் சூட்டுக்கு, ஜெட்டும் காற்றுவாயும் கலவைக்கு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

பர்னரைத் திரும்பச் செய்வதானால், பிளம்பிங் சாமான் கடையிலேயே கிடைக்கும் பொருள்களில் செய்யும் டீ பர்னரைத்தான் சொல்வேன். 1 இஞ்சு ரெடியூசிங் டீ ஒன்று, குறுக்கு வாய் இரண்டும் 1 இஞ்சு, நடுக்கிளை முக்கால் இஞ்சு. நடுக்கிளையில் முக்கால் இஞ்சு பைப்பை மரை போட்டு ஏற்ற வேண்டும். குறுக்கே திறந்திருக்கும் இரண்டு 1 இஞ்சு வாயும் காற்று வருவதற்கு. கிளைக்கு நேர் எதிரே, டீயின் முதுகில், ஜெட் நுழைகிறது. பைப் நீளம் உள்விட்டத்தைப் போல 8 முதல் 9 மடங்கு. 17 முதல் 19 செ.மீ. இந்த 8, 9 என்பது கைப்பழக்கத்தில் வந்த கணக்கு, சட்டம் கிடையாது. ஒரு செ.மீ. கூடக் குறைய இருந்தால் ஒன்றும் கெடாது. ஆனால் 10 செ.மீ.யாகக் குறைத்தால் கேஸும் காற்றும் கலந்து முடிப்பதற்குள் வெளியே வந்துவிடும், 30 செ.மீ.க்கு நீட்டினால் உராய்வில் இழுப்பு தளரும்.

துத்தநாக முலாம் பூசிய ஜி.ஐ. பைப் வேண்டாம், முலாம் பூசாத கறுப்பு எம்.எஸ். (சாதா இரும்பு) பைப் வாங்குங்கள். துத்தநாகம் 420 டிகிரியில் உருகும், 907 டிகிரியில் கொதித்துப் புகையாகும். உலைக்குப் பக்கத்தில் இருக்கும் முனையில் அந்தப் புகை கிளம்பினால் சுவாசிப்பவருக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். டீ சூடாகாத பக்கத்தில் இருப்பதால் அது ஜி.ஐ.யாக இருந்தாலும் பாதகமில்லை.

எல்லாவற்றிலும் கவனம் வேண்டிய இடம் டீயின் முதுகில் போடும் துளை. அது கிளைக்கு நேர் எதிரே, நேர் கோட்டில் இருக்க வேண்டும். கை டிரில்லில் கண் திட்டமாகப் போட்டால் இரண்டு மூன்று டிகிரி சாய்ந்துவிடும்; சாய்ந்த ஜெட் குழாயின் ஒரு சுவரில் மோதி, அந்தப் பக்கம் கேஸும் எதிர்ப்பக்கம் காற்றுமாக ஓடும். தீயின் பாதி மஞ்சள், பாதி நீலம் என்று வந்தால் காரணம் இதுதான். டீயின் கிளையில் ஒரு முக்கால் இஞ்சு நிப்பிளை இறுக்கி, அந்த நிப்பிளை லேத்தின் சக்கில் பிடிக்கச் சொல்லுங்கள். டீயின் முதுகு வெளியே பார்த்து நிற்கும். அப்போது டெயில் ஸ்டாக்கிலிருந்து டிரில் விட்டால் மையம் தானாகவே கிளையின் மையத்தில் விழும். துளை 8.8 மி.மீ., அதில் 1/8 இஞ்சு பி.எஸ்.பி. டேப். அதே லேத்தில் ஒரு பித்தளைக் கம்பியைக் கடைந்து, வெளியே 1/8 இஞ்சு மரை, உள்ளே முன்முனையில் 5 மி.மீ. டிரில் விட்டு எம் 6 டேப் போட்டால் டிப் அதில் ஏறிவிடும். பின்முனையில் கேஸ் லைனுக்கு வேண்டிய கனெக்ஷன். டீயின் சுவர் மெல்லியது, நாலைந்து மரைதான் பிடிக்கும் என்பதால் வெளியே ஒரு லாக் நட் போட்டு நிறுத்துங்கள். டிப் எம் 6 தானா என்று வாங்கும்போதே பாருங்கள். பெரிய டார்ச்சுகளுக்கு எம் 8 டிப்பும் விற்கிறது.

மாட்டி முடித்ததும் கேஸ் விடுவதற்கு முன்பு தண்ணீர் விட்டுப் பாருங்கள். பர்னரைப் படுக்கைவசத்தில் பிடித்து, ஜெட்டின் பின்னால் ஒரு ஹோஸைச் செருகிக் குழாய்த் தண்ணீரைத் திறந்தால், நூல் மாதிரி ஒரு தாரை டீயைக் கடந்து பைப்பின் நடுவில் ஓடி மறுமுனையில் சுவரைத் தொடாமல் வெளியே வர வேண்டும். தாரை ஒரு பக்கம் நனைத்துக்கொண்டு போனால் ஜெட் சாய்வு. தாரையே நேராக வராமல் விசிறியாகச் சிதறினால் துளையின் உதட்டில் பிசிர் இருக்கிறது. கேஸ் வெல்டிங்குக்கு விற்கும் டிப் கிளீனரில் பொருத்தமான கம்பியை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள், பெரிதாக்கிவிடாமல் மெல்ல. ஐந்து நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் விட்டு, பிறகு தீயைப் பார்த்துக் காரணம் தேடுவது மிகவும் கஷ்டம். பார்த்த பிறகு தண்ணீரை நன்றாக ஊதி உலர்த்திவிடுங்கள்.

மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றும்போது கேஸுக்கென்று வரும் கனமான டேப்பைச் சுற்றுங்கள், முதல் ஒன்றிரண்டு மரையை வெறுமையாக விட்டுவிடுங்கள். முனை வரை சுற்றினால் டேப்பின் துணுக்கு அறுந்து உள்ளே போய் ஜெட் துளையில் உட்காரும். நேற்று நன்றாக எரிந்த பர்னர் இன்று காரணமில்லாமல் மெலிந்து எரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எம் 6 மரையில் டிப்புக்கு டேப்பே வேண்டாம். அங்கே கசிந்தாலும் குழாய்க்குள்தான் போகும். ஆனால் தளர்வாக இருந்தால் அந்தக் கசிவு கலவையைக் கெடுக்கும், இறுக்கி வையுங்கள்.

தீ பறந்து அணைவதற்குக் காரணம் பைப்பின் முனை வெறும் முனையாக இருப்பது. கலவை வேகமாக வெளியேறுகிறது, தீ அந்த வேகத்துக்கு எதிராகப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ள இடமில்லை. முனையில் திடீரென்று அகலமாகும் ஒரு படி இருந்தால், அந்தப் படியின் மூலையில் சுழல் உண்டாகி, சுழலுக்குள் எப்போதும் கொஞ்சம் தீ தங்கும். அது மற்றதைப் பற்றவைத்துக்கொண்டே இருக்கும். இதற்கு, மேலே மாட்டும் ஸ்லீவாக, 1 இஞ்சு எம்.எஸ். பைப்பில் 8 செ.மீ. துண்டு போதும். பி கிளாஸ் 1 இஞ்சு பைப் முக்கால் இஞ்சு பைப்பின் மேல் ஏறக்குறையச் சரியாக நுழையும். உள்ளே வெல்டிங் தையல் மேடாக இருந்தால் அரத்தால் தேய்க்க வேண்டும். பர்னர் முனையைத் தாண்டி 25 முதல் 30 மி.மீ. நீளட்டும், பக்கத்தில் ஒரு திருகு வைத்து இறுக்குங்கள். நீட்டம் குறைந்தால் தீ நிற்காது. அதிகமானால் ஸ்லீவுக்குள்ளேயே எரிந்து அது சிவந்துவிடும். நீங்கள் முன்னும் பின்னும் நகர்த்தி, தீ உதட்டில் அமைதியாக உட்காரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். எம்.எஸ். ஸ்லீவ் நாளடைவில் செதில் செதிலாக உதிர்ந்து தேயும்; அது மாற்ற வேண்டிய உதிரிதான். உலைச் சுவரில் வார்க்கும் கேஸ்டபிளிலேயே (சூடு தாங்கும் சிமென்டுக் கலவை) பர்னர் வாயைக் கூம்பாக, 12 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. விரிகிற மாதிரி அமைத்துவிட்டால் ஸ்லீவை 1 செ.மீ. போல உள்ளே இழுத்து வைக்கலாம், நிறைய நாள் வரும்.

இனி உள்ளே பாயும் தீ. பைப்புக்குள் கலவை ஓடும் வேகம் தீ பின்னோக்கி வரும் வேகத்தைவிட அதிகமாக இருக்கும்வரை தீ வெளியிலேயே இருக்கும். 1 கிலோ (ஒரு சதுர செ.மீ.க்கு) பிரஷரில் விநாடிக்கு 10 மீட்டருக்கும் மேல் கலவை ஓடுகிறது, பயமே இல்லை. பிரஷரைக் குறைக்கக் குறைக்க அந்த வேகம் விழுகிறது. அதே நேரம் பைப் முனை சூடாகி உள்ளே வரும் கலவையையும் சூடாக்குகிறது. சூடான கலவையில் தீ வேகமாக ஓடும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் 'பக்'. அப்படிப் பாய்ந்தால் உடனே கேஸை மூடுங்கள். ஒரு நிமிடம் விட்டு, திரும்பப் பற்றவையுங்கள். டீக்குள் எரியவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தால் டிப் சூடேறி, பின்னால் உள்ள ஹோஸ் வரை ஆபத்து. எந்த பிரஷருக்குக் கீழே உங்கள் பர்னர் பாய்கிறது என்று ஒருமுறை கண்டுபிடித்து, கேஜில் அந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சூடான உலையில் அதற்குக் கீழே போகவே கூடாது. கேஸ் மிச்சப்பட வேண்டுமானால் உலையைச் சிறிதாக்குங்கள், பிரஷரைக் குறைக்காதீர்கள்.

பாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பர்னரில் இல்லை, உலையில். எரிந்த புகை வெளியே போக வாய் சிறிதாக இருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பர்னரை எதிர்த்துத் தள்ளும். இழுப்பு பலவீனமானது, புளோவர் மாதிரி முட்டித் தள்ளாது. சூடு வெளியே போகக்கூடாது என்று முன்வாயைச் செங்கல் வைத்து அடைத்தவுடன் தீ விம்மி விம்மி எரிய ஆரம்பித்தால் இதுதான். செங்கல்லை ஒரு விரற்கடை நகர்த்துங்கள், விம்மல் நின்றுவிடும். தீ எதிர்ச் சுவரில் நேராக மோதித் திரும்பி வந்தாலும் இதே கதை. அதனால் பர்னரை நடுவில் குத்தாமல், உருளையின் ஓரமாக, சுவரைத் தொட்டுக்கொண்டு சுழலும்படி சாய்த்து வைக்க வேண்டும். அப்படி வைத்தால் தீ நேராக இரும்பில் படாது. எரிந்து முடியாத காற்று இரும்பைத் தொட்டுச் செதில் கட்டுவதும் குறையும்.

இரும்பு சிவப்புக்கு மேல் ஏறாததற்கு உலையின் கொள்ளளவும் ஒரு காரணமாக இருக்கும். அளவை நீங்கள் எழுதவில்லை. ஒரு முக்கால் இஞ்சு பர்னர் நன்றாக வேலை செய்தால், நல்ல காப்பு போட்ட 5, 5.5 லிட்டர் உலையை மஞ்சள் சூட்டுக்குக் கொண்டுபோகும். உள்விட்டம் 15 செ.மீ., நீளம் 30 செ.மீ. என்றால் 5.3 லிட்டர். அதற்கு மேல் வேண்டாம். அரிவாளும் கத்தியும் அடிக்க இது தாராளம். காப்பு என்பது 1 இஞ்சு செராமிக் ஃபைபர் கம்பளி இரண்டு சுற்று, அதன் மேல் 1 செ.மீ. கேஸ்டபிள் பூச்சு. வெறும் தீச்செங்கல்லில் கட்டிய உலை கேஸை விழுங்கும். செங்கல் சூட்டைத் தடுப்பதைவிடக் குடிப்பதில்தான் கெட்டி. கரி உலைக்கு அது பரவாயில்லை, கேஸுக்குக் கட்டுபடியாகாது. கம்பளியை வெட்டும்போது என்-95 முகக்கவசம் கட்டாயம். பூச்சில்லாமல் வெறும் கம்பளியாக விட்டால் சூட்டில் பொடியாகி, அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. இரும்பை ஒட்டவைக்கத் தூவும் வெண்காரம் பட்டால் கம்பளி உருகி ஓட்டை விழும். கேஸ்டபிளை ஒரு நாள் நிழலில் ஈரத்தோடு உறைய விட்டு, பிறகு பல மணி நேரம் சின்னத் தீயில் காய வையுங்கள். அவசரப்பட்டு முழுத் தீ வைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிப் பூச்சைப் பெயர்த்துவிடும்.

கேஸ் லைனைப் பற்றிச் சுருக்கமாக, ஆனால் இதில் விட்டுக்கொடுக்காமல். வீட்டு ரெகுலேட்டர் தருவது ஒரு சதுர செ.மீ.க்கு 30 கிராம் அழுத்தம், அதாவது ஒரு கிலோவில் நூற்றுக்கு மூன்று பங்கு. அதில் இந்தப் பர்னர் இழுக்கவே இழுக்காது. ஓட்டல் அடுப்புகளுக்கு விற்கும், கேஜ் வைத்த, திருகிக் கூட்டிக் குறைக்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டர், 0 முதல் 2 கிலோ வரை போதும். வேலை பெரும்பாலும் அரை கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் நடுவில்தான். ரெகுலேட்டரே இல்லாமல் சிலிண்டரிலிருந்து நேராக எடுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். ஹோஸ் எல்.பி.ஜி.க்கு என்றே ஐ.எஸ். 9573 முத்திரையோடு வரும் ஹை பிரஷர் ரப்பர் ஹோஸ். வீட்டு அடுப்பு டியூபும் வேண்டாம், அசிட்டிலீன் ஹோஸும் வேண்டாம், எல்.பி.ஜி. உள் ரப்பரை அரிக்கும். ஹோஸ் முடிந்த இடத்தில் ஒரு கால் இஞ்சு பால் வால்வு, அதை அடுத்து நீடில் வால்வு, அதன் பிறகு 30 செ.மீ.யாவது உலோகக் குழாய், பிறகு ஜெட். பால் வால்வு உலைக்குப் பின்னால் கைக்கு எட்டுகிற இடத்தில், தீ வாய்க்கு எதிரே இல்லாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். 14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரைப் பட்டறை வேலைக்கு எடுப்பது 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. வினியோக ஆணைப்படி குற்றம். 19 கிலோ வணிகச் சிலிண்டர் வாங்குங்கள்.

பெரிய சிலிண்டருக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 1 மி.மீ. ஜெட், 1 கிலோ பிரஷரில் மணிக்கு 1.2 முதல் 1.4 கிலோ வரை கேஸ் போகும். உள்ளே இருக்கும் திரவம் ஆவியாகச் சூடு வேண்டும். அதைச் சிலிண்டரின் சுவரிலிருந்துதான் எடுக்கும். வேகமாக எடுத்தால் சிலிண்டர் குளிர்ந்து, வெளியே முதலில் வியர்க்கும், பிறகு பனி பூக்கும், பிரஷர் தானாக இறங்கும். திரவம் குறைந்திருக்கும்போது இது இன்னும் சீக்கிரம். சாதாரணத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் சிலிண்டரை நிறுத்தினால் போதும். சுடுதண்ணீரோ தீயோ காட்டக் கூடாது. இரண்டு சிலிண்டரை ஒரு மேனிஃபோல்டில் (பொது இணைப்புக் குழாயில்) சேர்த்தால் இன்னும் நல்லது. இதோடு சேர்த்து ஒரு நுணுக்கம்: புரொப்பேன் 42 டிகிரி உறைநிலைக்குக் கீழேயே கொதிக்கும், பியூட்டேன் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் கொதிக்கும். ஆகவே சிலிண்டரிலிருந்து முதலில் புரொப்பேன் அதிகமாகப் போகிறது, கடைசியில் பியூட்டேன் மிஞ்சுகிறது. புதுச் சிலிண்டரில் சரியாக வைத்த பர்னர் அடிச் சிலிண்டரில் மஞ்சள் காட்டுவது இதனால்தான். பர்னரில் கை வைக்காதீர்கள், சிலிண்டரை மாற்றுங்கள்.

டியூனிங்குக்கு வருவோம். கையில் பிடித்து வெளியே எரியவிட்டு எடுக்கும் முடிவுகளில் பாதி தவறாகப் போகும். உலைக்குள் பொருத்தி, சுவர் சிவக்கும்வரை, 10, 15 நிமிடம் எரியவிட்ட பிறகுதான் பர்னர் தன் உண்மையான குணத்தைக் காட்டும். அதுவரை விம்மினாலும் தடுமாறினாலும் பொருட்படுத்த வேண்டாம். புதுப் பூச்சில் முதல் ஒன்றிரண்டு நாள் தீ ஆரஞ்சாகத் தெரியும். அது பூச்சில் உள்ள உப்பும் சுண்ணாம்பும் எரிகிற நிறம், கலவையைக் குறை சொல்லாதீர்கள்.

ஜெட் முனை தொடக்கத்தில் டீயின் நடுக்கோட்டைச் சற்றுத் தாண்டி பைப்பை நோக்கி இருக்கட்டும். சூடான உலையில் முன்வாயைப் பாருங்கள். வாய்க்கு வெளியே முழங்கை நீளத்துக்கு ஆரஞ்சு நாக்கு வந்தால் கேஸ் அதிகம். டிப்பின் முனையை 1 மி.மீ. அரத்தால் தேயுங்கள், உதட்டுப் பிசிரை எடுங்கள், திரும்பப் பாருங்கள். முனை பின்னால் போகப் போக, பைப்பின் தொண்டைக்கு வருவதற்குள் அதிகக் காற்றைப் பிடிக்கும். ஒரு தடவைக்கு 1 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது. கையில் நாலைந்து டிப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விலை சொற்பம். மாறாக, தீ சின்னதாகி, வெளிறி, கூர்மையாகச் சீறினால், முன்வாயில் ஒன்றுமே தெரியாவிட்டால், காற்று அதிகம். அதற்குத் தேய்க்க வேண்டாம், டீயின் காற்றுவாயில் ஒரு தகரப் பட்டையைச் சுற்றிக் கொஞ்சம் மறைத்தால் போதும். அதனால்தான் காற்று கொஞ்சம் அதிகமாகவே இருக்கும்படி செய்து, மறைத்துக் குறைப்பது நல்ல முறை என்கிறேன். இல்லாத காற்றைக் கூட்டுவதற்குத் தகரம் எதுவும் கிடையாது.

நிறத்தைவிட நம்பகமான சாட்சி இரும்பு. ஒரு துண்டு எம்.எஸ். கம்பியை எமரி தாளில் பளபளக்கத் தேய்த்து உலைக்குள் ஐந்து நிமிடம் வையுங்கள். எடுத்தவுடன் மேலே பொருக்குப் பொருக்காகச் செதில் எழும்பி, பட்டறைக்கல்லில் தட்டினால் தகடாக உதிர்ந்தால் காற்று அதிகம். மெல்லிய, ஒட்டிய கருஞ்சாயல் மட்டும் இருந்தால் கலவை சரி. அடிக்கும் வேலைக்குத் தீ ஒரு இழை கேஸ் பக்கம் சாய்ந்திருப்பதே நல்லது: வாய்க்கு வெளியே நாலைந்து விரற்கடைக்கு மங்கலான நீலமோ லேசான ஆரஞ்சோ. ஸ்பிரிங் பட்டையின் எஃகில் உள்ள கார்பன் எரிந்து போகாமல் இருக்கவும் அது உதவும். உங்கள் தீயின் நிறத்தை எழுத்தில் படித்து, எத்தனை மி.மீ. தேய்க்க வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பித் துண்டு சொல்லும். ஒரு தடவையில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். ஜெட்டையும் ஸ்லீவையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

அந்த ஒரு இழை கேஸ் சாய்வுக்கு ஒரு விலை உண்டு: கார்பன் மோனாக்சைடு. நிறமோ மணமோ கிடையாது. இரண்டு பக்கமாவது திறந்த கொட்டகையில்தான் இந்த உலை எரிய வேண்டும். மூடிய அறையில் ஜன்னலைத் திறந்து வைத்தோம் என்பது போதாது. தலை கனத்தால், வாந்தி வருவதுபோல் இருந்தால், அணைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். எரியாமல் கசிந்த கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து பள்ளத்தில், சாக்கடையில் தேங்கும். தரை மட்டத்தில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பற்றவைக்கும்போது முதலில் எரியும் காகிதச் சுருளை உலைக்குள் வைத்து, பிறகு வால்வைத் திறங்கள். கேஸை நிரப்பிவிட்டுத் தீக்குச்சி தேடக்கூடாது. வாய்க்கு நேரே முகம் இருக்கக் கூடாது. முடிக்கும்போது சிலிண்டர் வால்வை முதலில் மூடி, ஹோஸில் உள்ளது எரிந்து தீரட்டும், பிறகு பால் வால்வு. அதோடு வேலை முடிந்தது என்று போய்விடாதீர்கள். பர்னர் உலைக்கு மேலே சாய்ந்து நிற்பதால், கேஸ் நின்றதும் உள்ளே உள்ள அனல் பர்னர் வழியாகப் புகைபோக்கி மாதிரி மேலே ஏறும். எரிந்த நேரத்தில் குளிர்ச்சியாக இருந்த டீயும் ஜெட்டும் அணைத்த பிறகுதான் சுடும். பர்னரைக் கழற்றி எடுத்துவிடுங்கள், அல்லது டீயின் இரண்டு காற்றுவாயிலும் ஈரத்துணியைச் சுற்றி, உலை சிவப்பு மங்கும்வரை அப்படியே விடுங்கள்.